நெய்தல் நிலத்து இளவேனில்

தொல்காப்பியர் அகத்திணையியலில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தார். முல்லைக்குக் காரும் மாலையும் உரியன. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும் உரியன. பாலைக்கு வேனிலும் பின்பனியும் நண்பகலும் உரியன. மருதத்தையும் நெய்தலையும் கூற வரும்பொழுது நூலின் நடை மாறுகின்றது. மருதத்திற்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடும் சிறுபொழுதாகக் கூறப்படுகின்றன, பெரும்பொழுது கூறப்படவில்லை. பெரும்பொழுது இன்னதென வரையறுக்கப்படாமையின் ஆறு பொழுதும் இவ்விரு திணைக்கும் உரியன என்று உரைகாரர் அமைதி கண்டனர். பின்வந்த நாற்கவிராச நம்பி அதனையே நூற்பாவாக்கி, ஆறு பெரும்பொழுதும் மருதத்திற்கும் நெய்தலுக்கும் பொது என்று விதித்தார்.

இவ்விதியை மாணவர் பலர் வேறொரு வகையாக உணர்ந்துகொள்கின்றனர். எல்லாப் பருவமும் உரியது என்பதனை, எந்தப் பருவமும் சிறப்பில்லாதது என்று கொள்கின்றனர். ஆதலின் முல்லைப் பாட்டொன்றைக் கையில் எடுத்தால் கார்காலத்தின் அடையாளங்களை வரிசையாக எடுத்துக்காட்டும் மாணவர், நெய்தற் பாட்டிற்கு வந்தவுடன் பருவம் பற்றிய ஆராய்ச்சியைக் கைவிட்டு விடுகின்றனர். கடலுக்குப் பருவம் இல்லை என்ற எண்ணம் இவ்வாறு நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. கடற்கரையில் வாழும் மக்களைக் கேட்டால் இவ்வெண்ணம் ஒரு நாள் கூட நில்லாது. இளவேனில் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு, பாண்டி நாட்டுக் கடற்கரையில் அப்பருவம் எவ்வாறு அமைகின்றது என்பதனையும், அவ்வறிவு நெய்தற் பாடல்களைக் கற்பதற்கு யாங்ஙனம் துணை செய்யும் என்பதனையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்மாயும் கடலும்

மதுரைக்குத் தெற்கே உள்ள திருமங்கலம் கடலைக் காணாத ஊர். எனினும் அவ்வூரை ஒட்டி ஓடும் குண்டாறு திருச்சுழி, கமுதி வழியாகச் சென்று இராமநாதபுரம் மாவட்டத்து மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இவ்வாறு, பாண்டி நாட்டுச் சமவெளியையும் கடற்கரையையும் ஒரே நீர்க்கோட்டில் இணைக்கின்றது. அக்கோட்டின் இரு முனைகளிலும் இளவேனில் என்ன செய்கின்றது என்பதனை ஒப்பிட்டு நோக்குதல் நம் ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாகும்.

சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழையால் நிறைந்த கண்மாய்கள் தையிலும் மாசியிலும் வயலுக்குப் பாய்ந்து குறைகின்றன. பங்குனி தொடங்கி வைகாசி வரையில் நீர் முழங்காலளவாகச் சுருங்குகின்றது. அப்பொழுது மேலூர், சிவகங்கை, திருப்பத்தூர் வட்டாரங்களில் ஊர்கூடி மீன்பிடித் திருவிழா நடத்துகின்றனர். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியவுடன், சுற்றூர் மக்கள் அனைவரும் ஊத்தா, கச்சா, வலை முதலியவற்றோடு ஒருங்கே நீரில் இறங்குகின்றனர். விரால், கெண்டை, கெளுத்தி, குரவை, அயிரை என அகப்பட்டதனை அவரவர் வீட்டிற்கு எடுத்துச் சென்று சமைத்து உண்பதே வழக்கம். விற்பதனை இழுக்காகக் கருதும் ஊர்களும் உண்டு. அதுவரை ஊர்க்கட்டுப்பாட்டால் காக்கப்பட்ட மீன், நீர் வற்றப்போகும் நிலையில் அனைவர்க்கும் பொதுவாகின்றது. ஆதலின் சமவெளிக்கு இளவேனில் மீன்பிடி திறக்கும் காலம்.

கடற்கரையிலோ இதற்கு நேர்மாறானது நிகழ்கின்றது. அதே சித்திரையில் விசைப்படகுகள் கரையேறி நிற்கின்றன. கடலில் மீன்பிடி அடைக்கப்படுகின்றது. ஒரே ஆற்றின் ஒரு முனையில் திறப்பும் மறு முனையில் அடைப்பும் ஒரே திங்களில் நிகழ்வதனைக் காணும் ஒருவர், நெய்தலுக்குப் பருவம் இல்லை என்று கூற மாட்டார். அப்பருவம் எதனால் அளக்கப்படுகின்றது என்பதே அவருடைய வினாவாகும்.

காற்றே பொழுது

முல்லை நிலத்தார் பருவத்தை மழையால் அறிந்தனர். குறிஞ்சியார் பனியாலும் கதிராலும் அறிந்தனர். நெய்தலார் அறிந்தது காற்றால். பழந்தமிழ் நூல்கள் வடக்கிலிருந்து வருவதனை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதனைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதனைக் கோடை என்றும், தெற்கிலிருந்து வருவதனைத் தென்றல் என்றும் பெயரிட்டுள்ளன. இந்நான்கனுள் வாடையும் கொண்டலும் இன்றும் மீனவர் நாவில் மாறாமல் வழங்குகின்றன. மற்றை இரண்டற்கும் ஈடாகக் கச்சான் என்றும் சோழகம் என்றும் சொற்கள் வழங்குகின்றன. ஈழத்துக் கடற்கரையிலும் இவை உள. ஆண்டுச் சோளகம் என்பது வழக்கு. ஊர்தோறும் கரை திரும்பியிருக்கும் முகத்திற்கேற்ப இப்பெயர்கள் குறிக்கும் திசை சிறிது வேறுபடுவதும் உண்டு. மீனவர்க்குக் காற்றின் பெயர் திசைப்பெயர் மட்டுமன்று. அது பருவப்பெயரும் தொழிற்பெயரும் ஆகும். வாடை என்றால் எந்தத் திங்கள், எந்த வலை, எந்த மீன் என்பதெல்லாம் அச்சொல்லிலேயே அடங்கும். நீரோட்டத்திற்கு அவர்கள் வழங்கும் நீவாடு என்னும் சொல்லும் இத்தகையதே.

பாண்டி நாட்டுக் கடற்கரையின் தனித்தன்மை ஈண்டுக் கருதத்தக்கது. இராமேசுவரத் தீவிற்கு வடக்கே பாக்கு நீரிணைக் கடலும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்; தீவின் தென்புறம் ஓரளவு ஒதுக்கமாக இருக்கும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஆழமும் அலையும் மிக்க தென்கடலை ஆண்கடல் என்றும், ஆழமும் அலையும் குறைந்த வடகடலைப் பெண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குகின்றனர். நாட்டுப்படகு மீனவர் காற்று மாறும்பொழுது ஒரு கடலை விட்டு மறு கடலுக்குத் தொழில் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஒரு தீவின் இரு கரைகளுக்கே இரு வேறு பருவக் கணக்குகள் இருப்பின், குடகடல் முதல் குணகடல் வரை பரந்த பழந்தமிழகம் முழுமைக்கும் ஒரே பெரும்பொழுதினை நெய்தலுக்கு வரையறுப்பது எங்ஙனம் பொருந்தும்? சேரர் கடற்கரை கொந்தளித்துக் கிடக்கும் ஆனி, ஆடியில் சோழர் கடற்கரையில் திமில்கள் ஓடும். சோழர் கரை புயலுக்கு அஞ்சும் ஐப்பசி, கார்த்திகையில் சேரர் கரையில் தொழில் நடக்கும். தொல்காப்பியர் நெய்தலுக்குப் பெரும்பொழுது கூறாது விட்டது குறையன்று; இரு கடல்களின் இயல்பினை அறிந்து காத்த அடக்கம் என்று கருத இடமுண்டு. மருதத்திற்குக் கூறாமைக்குக் காரணம் வேறாகலாம். தேக்கிய நீரால் விளையும் நிலம் ஒரு மழைக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று.

இவ்விரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்டதே கடற்கரையின் இளவேனில். வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் வலுக்காத அந்த இடைவெளியில் கடல் அடங்கியும் தெளிந்தும் இருக்கின்றது. நிலத்தின் இளவேனில் மலர்ச்சியால் அறியப்படும். கடலின் இளவேனில் அடக்கத்தால் அறியப்படும். நெய்தற் பாடல்களில் இப்பருவத்தைத் தேடுவோர் மாவும் குயிலும் வரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. அதற்குரிய கருப்பொருள்கள் வேறு. அவற்றுள் மூன்றனை இனிக் காண்போம்.

ஆமை

முதலாவது, கடலாமை. தமிழகக் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைகளுள் மிகுதியானது சிற்றாமை. இதற்கு மீனவர் இட்ட மற்றொரு பெயர் பங்குனி ஆமை. பேராமை உருவத்தாலும், ஏழுவரி ஆமை ஓட்டின் வரிகளாலும் பெயர் பெற்றிருக்க, இவ்வொன்று மட்டும் திங்களால் பெயர் பெற்றுள்ளது. இவ்வாமைகள் தை முதல் பங்குனி வரையில் இரவு நேரத்தில் மணற்கரை ஏறி, பின்கால்களால் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடி, மேற்பரப்பையும் தடம் தெரியாமல் கலைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. மணலின் வெம்மையால் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் அவ்வெம்மையின் அளவைப் பொறுத்தது என்பது இன்றைய உயிரியலார் கண்ட உண்மை.

அகநானூற்றின் 160ஆம் பாட்டு குமுழி ஞாழலார் நப்பசலையார் இயற்றியது. தோழி கூற்றாக அமைந்தது. அதில் நிறைசூல் கொண்ட ஆமை அடும்பு படர்ந்த மணலில் முட்டையிட்டுப் புதைத்து வைப்பதும், தந்தத்தால் செய்த வட்டினைப் போன்ற அம்முட்டையின் புலால் மணமும், குஞ்சு வெளிப்படும் வரையில் ஆண் ஆமை அதனைக் காத்திருப்பதும் கூறப்படுகின்றன. இவற்றுள் முட்டையின் வடிவம், மணம், மறைத்துப் புதைத்தல், அடும்பங்கொடியின் சூழல் என்பன நேரில் கண்டார் கூறத்தக்கன. இன்றும் எவரும் கடற்கரைக்குச் சென்று சரிபார்க்கத்தக்கன. ஆண் ஆமை காக்கும் என்பது மட்டும் உயிரியலோடு பொருந்தவில்லை. கடலாமையின் ஆண் முட்டையிடும் கரைக்கு வருவதில்லை. பெண்ணும் முட்டையை இட்டபின் அதன் அருகே தங்குவதில்லை. புலவர் தாம் கண்ட காட்சியோடு தாம் வேண்டிய ஒழுக்கத்தையும் சேர்த்துப் பாடியுள்ளார். ஊரார் அறியத் தேரூர்ந்து வரும் தலைவன் தலைவியைப் பொறுப்போடு காக்க வேண்டும் என்ற குறிப்பு, ஆமைக் கணவனின் காவலில் உள்ளுறையாக வைக்கப்பட்டுள்ளது. இயற்கையில் இல்லாத ஒன்றனைப் புலவர் எவ்விடத்தில் சேர்த்தார் என்று காணும்பொழுதுதான் உள்ளுறையின் இடம் நமக்குத் தெளிவாகின்றது. இயற்கையறிவு இலக்கிய நயத்திற்குப் பகை என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் வினாவிற்கு இப்பாட்டுத் தரும் விடை யாது? பாட்டில் பெரும்பொழுது வெளிப்படையாக இல்லை. ஆயினும் சூல்கொண்ட ஆமை கரையேறிய காட்சி பின்பனியின் இறுதியையும் இளவேனிலின் வாயிலையும் சுட்டுகின்றது. பாட்டில் வரும் ஆமை எவ்வினம் என்று பெயர் கூறப்படாமையால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் சோழ, பாண்டிக் கரைகளில் மிகுதியாக முட்டையிடுவது பங்குனி ஆமையே ஆதலின், இக்கருத்து வலியுடையதாகின்றது. கருப்பொருளைக் கொண்டு கூறப்படாத முதற்பொருளை உணர்தல் என்னும் நெறி இதுவே.

முத்தும் சங்கும்

இரண்டாவது, முத்து. மதுரையின் செல்வத்திற்கும் கொற்கையின் கடலுக்கும் உள்ள தொடர்பினை மதுரைக்காஞ்சி முதலிய நூல்கள் பேசுகின்றன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் செலவு நூலும் பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்ட கொல்கி என்னும் கொற்கையில் முத்துக்குளித்தல் நடந்ததனைக் குறிக்கின்றது. முத்துக்குளித்தல் எக்காலத்து நடந்தது என்பதற்குத் தெளிவான சான்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த வெனிசு நாட்டு மார்க்கோ போலோவின் குறிப்பில் கிடைக்கின்றது. ஏப்பிரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை குளிப்பு நடைபெற்றது என்று அவர் எழுதியுள்ளார். நம் கணக்கில் அது பங்குனியின் பிற்பகுதியும் சித்திரையும் வைகாசித் தொடக்கமும் ஆகும்.

காரணம் எளிது. முத்துச் சிப்பிகள் கிடக்கும் கடலடித் திட்டுகளைத் தூத்துக்குடிப் பகுதியில் பார் என்பர். தோலாயிரம் பார் என்பது அவற்றுள் பெயர் பெற்றது. ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் அளப்பர். கல்லைக் காலில் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலின் அடி வரை இறங்குவோர்க்கு நீர் தெளிந்திருத்தல் வேண்டும். மேலே படகு நிலையாக நிற்றல் வேண்டும். வாடைக்கும் கச்சானுக்கும் இடைப்பட்ட பொழுதே இரண்டனையும் ஒருசேரத் தருகின்றது. முத்துச் சலாபம் எனப்பட்ட இப்பெருந்தொழில் சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டுமே நடந்தது. சிப்பி இல்லாத ஆண்டுகள் பல தொடர்ந்து வந்ததும் உண்டு. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்து அத்துடன் நின்றது. அதன்பின் அப்பார்களில் குளிப்பு நடைபெறவில்லை.

அகநானூற்றின் 350ஆம் பாட்டில் சேந்தன் கண்ணனார், சுறாவினை விலக்கி வலம்புரிச் சங்கிற்காக மூழ்கிய பரதவர் சங்கொலி எழக் கொற்கையில் வந்து இறங்குவதனையும், ஊரே ஆரவாரத்தோடு எதிர்கொள்வதனையும் பாடியுள்ளார். மூழ்குதல் நடந்தது ஆதலின், அக்காட்சி கச்சான் வீசித் தென்கடல் கலங்கும் திங்களுக்கு உரியதாகாது. கடல் அடங்கிய காலத்தையே நாம் கொள்ள வேண்டும்.

ஈண்டு ஒரு வேறுபாடு போற்றத்தக்கது. நெய்தற் பாடல்களில் முத்து இரு வகையாக வருகின்றது. மூழ்கி எடுத்த முத்து ஒன்று. அலை கொணர்ந்து கரையில் ஒதுக்கிய முத்து மற்றொன்று. முன்னது அடங்கிய கடலைச் சுட்டும். பின்னது அலை மிக்க கடலைச் சுட்டும். முத்து என்ற சொல் வந்தவுடன் இரண்டனையும் ஒன்றாகக் கொண்டு இளவேனில் என்று முடிவு செய்தல் பிழையாகும். கருப்பொருளின் பெயரை மட்டுமன்றி அதன் செயலையும் நோக்கியே பொழுதினைத் துணிதல் வேண்டும்.

நாரை

மூன்றாவது, பறவை. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீர்ப்பறவைகள் கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் தங்கி, இளவேனில் தொடங்கும்பொழுது திரும்பிச் செல்கின்றன. கோடியக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் வந்து கூடும் தனுசுகோடிப் பகுதியும் 2025இல் சரணாலயமாயிற்று. நெய்தற் கரைக்கு இளவேனில் வரவுக்காலம் அன்று, பிரிவுக்காலம்.

இதனை அறிந்தால் சத்திமுத்தப் புலவர் நாரைக்குக் கூறிய செய்தி புதுப்பொருள் தருகின்றது. மதுரையில் மாறன் வழுதியின் நகரத்தில், போர்த்த ஆடையின்றி வாடையால் நடுங்கும் வறுமைப் புலவர், வானில் செல்லும் செங்கால் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி விடுக்கின்றார். தெற்கே குமரித்துறையில் ஆடி வடக்கே செல்லும் வழியில் தம் ஊராகிய சத்திமுத்தத்துக் குளத்தில் தங்குமாறு வேண்டுகின்றார். நாரையின் அலகுக்கு அவர் காட்டும் உவமை பிளந்த பனங்கிழங்கு. பனங்கிழங்கு தோண்டும் காலம் மார்கழியும் தையும். வாடை வீசும் காலமும் அதுவே. நாரை வடக்கு நோக்கித் திரும்புவது அதனை அடுத்து. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திப் பனிப் பொழுதினைச் சுட்டுகின்றன. குமரிக் கடலைவிட்டுப் பறவை புறப்படுதலே மதுரைச் சமவெளியில் நின்ற புலவர்க்கு இளவேனில் அணுகுகின்றது என்னும் முதற்செய்தி. குளிர் நீங்கப்போகின்றது என்ற நம்பிக்கையும் அந்த வடதிசைப் பயணத்தில் உள்ளடங்கியுள்ளது எனலாம்.

விழாவும் ஓய்வும்

கடற்கரை நகரத்து இளவேனில் விழாவிற்குச் சிலப்பதிகாரமே தலையாய சான்று. புகாரின் இந்திரவிழா சித்திரைத் திங்களில் சித்திரை மீனோடு நிறைமதி கூடிய நாளில் தொடங்கியது. அது 28 நாள் நடக்கும் என்பதனை மணிமேகலையால் அறிகின்றோம். இளங்கோவடிகள் காதைகளை அமைத்த முறை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் துணையாகின்றது. இந்திரவிழவூரெடுத்த காதையை அடுத்துக் கடலாடு காதையும், அதனை அடுத்துக் கானல்வரியும், அதனை அடுத்து வேனிற்காதையும் வைத்தார். நெய்தல் திணைக்குரிய வரிப்பாடல்கள் முடிந்தவுடன் தென்றலையும் குயிலையும் கொண்டு இளவேனிலின் வரவு அறிவிக்கப்படுகின்றது. நெய்தலின் இரங்கல் பாலையின் பிரிவாக மாறும் இடத்தில் வேனில் நிற்கின்றது. இலக்கணம் நெய்தலுக்குப் பெயர் கூறாது விட்ட பருவத்தினை, காப்பியம் கதையின் போக்கிலேயே அதனருகில் வைத்துவிட்டது. இன்று அதே சித்திரை நிறைமதியில் மதுரையில் அழகர் வைகையில் இறங்குகின்றார். அந்நாள் புகார் கடலை நோக்கித் திரண்டது போல இந்நாள் மதுரை ஆற்றை நோக்கித் திரள்கின்றது.

கடல்வாழ்நர் தொழில் ஓய்ந்திருக்கும் நாளும் பழைய இலக்கியத்தில் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, நிறைமதி நாளில் பரதவர் கடல்மேற் செல்லாது, சூல்கொண்ட சுறாவின் கொம்பினை மனையில் நட்டு வழிபட்டு, உண்டு மகிழ்ந்ததனைக் கூறுகின்றது. வாள் போன்ற கொம்புடைய அம்மீன் இன்று வேளா எனப்படுவது என்று கொள்வது பொருத்தமாகும். அது முட்டையிடாது குட்டி ஈனும் இனம்; ஆதலின் சூல் என்ற சொல்லும் அதற்குப் பொருந்தும். நிலவொளி மிக்க இரவில் வலையில் மீன்பாடு குறையும் என்பதும், நிறைமதி நாளில் ஓதம் மிகுந்து நீவாடு வலுக்கும் என்பதும் இன்றும் மீனவர் அறிந்தனவே. தொழிலறிவு வழிபாட்டு வடிவம் பெற்று ஓய்வு நாளாயிற்று. அம்மீன் அரிதாகிவிட்டமையின் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. சூல்கொண்ட மீனை வணங்கிய மக்களின் கடலில் அம்மீனே காண்டற்கரியதாயிற்று.

தடைக்காலம்

இனி இன்றைய நிலையைக் காண்போம். மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று கருதி, தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதற்கு 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாள் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது 61 நாளாக உயர்ந்தது. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை நடைபெறுகின்றது. நாட்டுப்படகுகளுக்கு இத்தடை இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை சூன் 1 முதல் சூலை 31 வரை.

இந்நாட்களைத் தமிழ்த் திங்கள் கணக்கில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஏப்பிரல் 15 என்பது சித்திரை இரண்டாம் நாள். சூன் 14 வைகாசியின் இறுதி நாள். சித்திரையும் வைகாசியும் சேர்ந்ததே இளவேனில் என்பது உரைகாரர் வகுத்த எல்லை. ஆகவே கிழக்குக் கரையின் தடைக்காலம் ஓரிரு நாள் வேறுபாட்டோடு இளவேனில் முழுமையையும் தழுவி நிற்கின்றது. சட்டம் செய்தோர் அகத்திணையியலை எண்ணிச் செய்தாரல்லர். எனினும் தொல்காப்பியர் பெயர் கூறாது விட்ட நெய்தலின் இளவேனிலுக்கு இந்நூற்றாண்டின் சட்டம் எல்லை கூறிவிட்டது. மேற்குக் கரைக்கு வேறு எல்லை அமைந்தமையும் கருதத்தக்கது. ஒரே மாநிலத்தின் இரு கரைகளுக்கு ஒரே தடைக்காலம் பொருந்தவில்லை. இரு கடலுக்கும் ஒரு பெரும்பொழுது பொருந்தாது என்று மேலே கூறியதற்கு இது வலுச்சேர்க்கின்றது.

தடைக்காலத்தில் துறைமுகங்களின் தோற்றம் மாறுகின்றது. படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படுகின்றன, வண்ணம் பூசப்படுகின்றன, கிழிந்த வலைக் கண்ணிகள் முடியப்படுகின்றன. அரசு குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்குகின்றது. ஆனால் படகில் கூலிக்குச் செல்வோர்க்கும் மீன் விற்கும் பெண்டிர்க்கும் இது நெருக்கடிக் காலமே. நாட்டுப்படகு மீனவர்க்கு இதுவே கரையோரக் கடல் ஆரவாரமின்றிக் கிடைக்கும் காலம். எல்லா மீனும் ஒரே திங்களில் சினை கொள்வதில்லை என்ற வாதமும் மீனவரிடையே உண்டு. பங்குனி ஆமையின் கணக்கும் இதனோடு முழுதும் பொருந்தவில்லை. அது கரைக்கு வருவது தை முதல் பங்குனி வரை. தடை தொடங்குவது சித்திரையில். அது கரையை நெருங்கும் திங்களிலேயே இழுவைவலைகளும் கரைக்கடலில் ஓடுகின்றன. 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதனை நாளிதழ்கள் வெளியிட்டன. வலையில் அகப்பட்டு மூச்சுமுட்டி இறத்தல் முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது. சட்டத்தின் காலம் இளவேனிலில் தொடங்குகின்றது. உயிரினத்தின் காலம் முன்பனியிலேயே தொடங்கிவிடுகின்றது. மீனவர் வைத்த பெயரைச் செவிமடுத்திருந்தால் இவ்வேறுபாடு முன்னரே புலப்பட்டிருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. நெய்தலுக்குப் பெரும்பொழுது வரையறுக்கப்படாமை அதற்குப் பருவம் இன்மையால் அன்று. கரைதோறும் பருவம் வேறுபடுதலால் எனலாம். பாண்டி நாட்டுக் கரையில் இளவேனில் காற்றின் இடைவெளியாகவும், கடலின் அடக்கமாகவும், ஆமையின் ஈற்றாகவும், பறவையின் பிரிவாகவும், தொழிலின் ஓய்வாகவும் வெளிப்படுகின்றது. எனவே ஆறு பருவமும் பொது என்னும் விதி நெய்தற் பாட்டின் பருவத்தைத் தேடும் முயற்சிக்குத் தடையாகாது. ஒவ்வொரு பாட்டிலும் கருப்பொருளைக் கொண்டு பொழுதினைக் கண்டறியுமாறு அது நம்மை ஏவுகின்றது.

இப்பணிக்கு வேண்டும் கருவி ஏட்டில் மட்டும் இல்லை. மூக்கையூர், பாம்பன், தூத்துக்குடிக் கரைகளில் வாழும் முதியோர் நாவில் உள்ளது. திசைகாட்டும் மின்கருவியும் மீன்கூட்டம் காட்டும் கருவியும் படகில் ஏறியபின், காற்றின் பெயரையும் நீவாட்டின் பெயரையும் இளையோர் கற்க வேண்டிய தேவை குறைந்து வருகின்றது. பங்குனி ஆமை என்னும் ஒரு சொல் அகநானூற்றுப் பாட்டொன்றின் பொழுதினை அறியத் துணை செய்ததெனின், தொகுக்கப்படாத பிற சொற்கள் எத்தனை பாடல்களுக்கு விளக்கம் தரக்கூடும் என்று முதுகலை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காற்று, நீரோட்டம், மீன், வலை, பறவை ஆகிய ஐந்தன் பெயர்களையும் அவை வழங்கும் ஊரோடும் திங்களோடும் சேர்த்துத் தொகுத்தல் ஒரு மாணவர் ஓராண்டில் செய்து முடிக்கத்தக்க பணி. தடைக்காலத்தின் இரண்டு திங்களில் விசைப்படகு மீனவர் கரையில் இருப்பர். வினவுவார்க்கு விடை கூற அவர்க்கு நேரமும் உண்டு. இளவேனிலை ஆராய இளவேனிலே தக்க காலம் என்க.